இல்லை என்பதும் வேண்டாம் என்பதும்

1881 செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் சார்லஸ் டார்வினின் வீட்டுக்கு இரண்டு பேர் மதிய விருந்துக்கு வந்தார்கள். ஒருவர் ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் பூக்னர். மற்றவர் எட்வர்டு ஏவலிங் என்ற ஆங்கிலேயர், முப்பதைத் தாண்டிய இளைஞர், பிற்காலத்தில் கார்ல் மார்க்ஸின் மகளோடு வாழ்ந்தவர். இருவரும் நாத்திகத்தை ஊரறியப் பேசியவர்கள். டார்வினின் மனைவி எம்மா பக்தி உள்ளவர். பேச்சு எங்கே போகுமோ என்று முன்யோசனையாகக் குடும்ப நண்பரான ஒரு பாதிரியாரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு வைத்திருந்தார்.

சாப்பாடு நல்லபடியாக முடிந்தது. அப்புறம் டார்வினின் அறையில் போய் உட்கார்ந்தார்கள். டார்வின் எடுத்த எடுப்பிலேயே கேட்டாராம்: நீங்கள் ஏன் உங்களை நாத்திகர்கள் என்று சொல்லிக்கொள்கிறீர்கள்? விருந்தாளிகள் விளக்கினார்கள். கடவுள் இல்லை என்று நாங்கள் சாதிக்கவில்லை. இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, ஆகவே அந்த நம்பிக்கை எங்களிடம் இல்லை, அவ்வளவுதான். டார்வின் ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டே வந்தார். தானும் நாற்பது வயதில் கிறிஸ்தவத்தை விட்டுவிட்டதாகச் சொன்னார். ஆனால் தனக்கு 'நாத்திகர்' என்ற பெயர் வேண்டாம், 'அறியொணாவாதி', அதாவது கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர், என்பதே போதும் என்றார். அந்தச் சொல்லை அவருடைய நண்பர் ஹக்ஸ்லி 1869-இல்தான் உருவாக்கியிருந்தார். ஏவலிங் விடவில்லை. மரியாதையாகச் சொன்னால் அறியொணாவாதி, முரட்டுத்தனமாகச் சொன்னால் நாத்திகர், இரண்டும் ஒன்றுதானே என்றார். டார்வின் சிரித்துவிட்டுத் திருப்பிக் கேட்டார்: சரி, ஏன் அந்த முரட்டுத்தனம்? இந்தக் கருத்துகளை மக்கள் மேல் திணிப்பதால் என்ன ஆகப்போகிறது?

இந்த உரையாடலை ஏவலிங்தான் எழுதி வெளியிட்டார். தனக்குச் சாதகமாகக் கொஞ்சம் மெருகேற்றியிருக்கலாம். ஆனால் இதற்கு ஓராண்டு முன்பு டார்வினே அவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஏவலிங் தன் புத்தகத்தை அவருக்குச் சமர்ப்பிக்க அனுமதி கேட்டிருந்தார். டார்வின் மறுத்துவிட்டார். கிறிஸ்தவத்துக்கும் கடவுள் நம்பிக்கைக்கும் எதிராக நேரடியாக வாதிடுவதால் மக்களிடம் பெரிய விளைவு எதுவும் ஏற்படுவதில்லை, அறிவியல் வளர வளர மனங்கள் தாமாகத் தெளியும் என்று எழுதினார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: மதத்தை நேரடியாகத் தாக்கினால் தன் குடும்பத்தில் சிலருக்கு மனம் வருந்தும், அந்த எண்ணமும் தன்னை அளவுக்கு மீறிப் பாதித்திருக்கலாம். (இந்தக் கடிதம் மார்க்ஸுக்கு எழுதப்பட்டது என்று பல ஆண்டுகள் ஒரு கதை உலவியது. 'மூலதனம்' நூலை மார்க்ஸ் டார்வினுக்குச் சமர்ப்பிக்க முன்வந்தார் என்பதெல்லாம் அந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான்.)

அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் கடவுள் விஷயத்தில் அநேகமாக ஒரே கருத்து. சண்டை வேறு எதைப் பற்றியோ. அந்த 'வேறு எது' என்பதைப் பிரித்துப் பார்க்காமல்தான் நாம் பெரும்பாலும் 'நாத்திகர்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம்.

கடவுள் நம்பிக்கை இல்லாதிருப்பது, என்ன இருக்கிறது, என்ன இல்லை என்ற கேள்விக்கு ஒருவர் வைத்திருக்கும் பதில். மத எதிர்ப்பு, உலகத்தில் உள்ள ஒரு ஏற்பாட்டை என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கான பதில். முதல் கேள்விக்கு ஆம், இல்லை, தெரியாது என்று எதைச் சொன்னாலும் இரண்டாவது கேள்வி அப்படியே திறந்துதான் கிடக்கும். பேய் இல்லை என்று நினைக்கிற எல்லோரும் பேய்க்கதை சொல்பவர்களை விரட்டிக்கொண்டு திரிவதில்லை. பேயோட்டுகிறேன் என்று பிள்ளையை அடிப்பவனைத் தடுக்க, பேய் உண்டா இல்லையா என்று முதலில் முடிவு கட்டவேண்டிய அவசியமும் இல்லை.

தமிழில் இந்தக் குழப்பத்துக்குச் சொற்களும் ஒரு காரணம். 'கடவுள் மறுப்பு', 'இறைமறுப்பு' என்கிறோம். மறுப்பது ஒரு செயல். எதிரே ஒருவர் நின்று ஒன்றைச் சொல்ல, இவர் இல்லை என்று நிற்கிற காட்சி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சும்மா நம்பிக்கை இல்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒற்றைச் சொல் கிடையாது. 'கடவுள் நம்பிக்கை இல்லாதவர்' என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். பேச்சில் அதுவும் வராது. 'அவர் சாமி கும்பிடமாட்டார்' என்போம். அது நம்பிக்கையைப் பற்றிய தகவலே கிடையாது, பழக்கத்தைப் பற்றியது.

'நம்புதல்' என்ற சொல்லும் சேர்ந்து குட்டையைக் குழப்பும். 'கடவுள் இருப்பதாக நம்புகிறேன்' என்பதும் 'கடவுளை நம்பியிருக்கிறேன்' என்பதும் ஒன்றா? முதலாவதில் இருப்பைப் பற்றிய கருத்து. இரண்டாவதில் அடைக்கலம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் 'இனிமேல் கடவுளை நம்பமாட்டேன்' என்றால் அவர் நாத்திகர் ஆகிவிட்டார் என்று பொருளில்லை. கடவுளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். இல்லாத ஒருவரோடு யாரும் சண்டை போடுவதில்லை.

'நாத்திகம்' என்ற சொல்லுக்கோ வேறொரு வரலாறு. வடமொழியில் 'ந அஸ்தி', இல்லை என்பதிலிருந்து வந்தது. ஆனால் எது இல்லை? மனுஸ்மிருதி, வேதத்தைப் பழிப்பவனே நாஸ்திகன் என்கிறது. கடவுள் அங்கே பேச்சிலேயே இல்லை. அந்தக் கணக்கில், வேதச் சடங்குகளை ஆராய்ந்த தத்துவப் பிரிவினரான, உலகைப் படைத்த கடவுளை ஏற்காத மீமாம்சகர்கள் ஆஸ்திகர்கள், ஏனென்றால் வேதத்தை ஏற்றார்கள். சமணரும் பௌத்தரும் நாஸ்திகர்கள். அதிகாரத்தை ஒப்புக்கொள்கிறாயா இல்லையா என்பதுதான் அந்தப் பழைய பிரிவினை. இன்றும் நாம் 'நாத்திகன்' என்று திட்டும்போது அந்தப் பழைய பொருள் உள்ளே இருந்து எட்டிப் பார்ப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

மீமாம்சகர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் அவர்களைவிட வேடிக்கையான உதாரணம் கிடைக்காது. வேள்வியை எப்படிச் செய்ய வேண்டும், எந்த மந்திரம் எங்கே வரும், ஒரு விதியை எப்படிப் பொருள்கொள்ள வேண்டும் என்பதில் அவர்களைப் போல மயிர்பிளக்க வாதிட்டவர்கள் இல்லை. சடங்கின் காவலர்கள். அதே ஆட்கள்தான் உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவர் தேவையில்லை என்றும் வாதிட்டார்கள். அவர்களில் ஒருவரான குமாரில பட்டர் கேட்ட கேள்விகள் இன்றைய நாத்திகர் மேடையில் அப்படியே எடுபடும்: படைப்பதற்கு முன்னால் அவருக்கு உடல் இருந்ததா? இருந்தால் அதைப் படைத்தது யார்? கருணையால் படைத்தார் என்றால், கருணை காட்ட அப்போது துன்பப்படும் உயிரே இல்லையே? சமணர்களும் இதே போலப் படைப்புக் கடவுளை மறுத்தார்கள். மறுத்துக்கொண்டே கோயில் கட்டினார்கள், நோன்பு இருந்தார்கள், துறவியர் சங்கங்களை நடத்தினார்கள். கடவுள் இல்லாமல் ஒரு மதம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறது என்றால், கடவுளை எடுத்துவிட்டால் மதம் சரிந்துவிடும் என்ற கணக்கை எங்கேயோ தப்பாகப் போட்டிருக்கிறோம்.

மறுபக்கமும் அப்படித்தான். மதத்தை மிகக் கடுமையாக எதிர்த்தவர்களின் பட்டியலை எடுத்தால் அதில் பாதிப் பேர் கடவுளை நம்பியவர்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரை எல்லோரும் நாத்திகர் என்று நினைக்கிறார்கள். 1762-இல் துலூஸ் நகரத்தில் ஜான் காலாஸ் என்ற புராட்டஸ்டன்ட் வணிகரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். மகன் கத்தோலிக்கனாக மாறப்போனதால் தகப்பனே கொன்றுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. வால்டேர் அந்த வழக்கைக் கையிலெடுத்து மூன்று ஆண்டுகள் எழுதி எழுதியே தீர்ப்பை ரத்துச் செய்ய வைத்தார். மதவெறியைக் குறித்து 'அந்த இழிவை நசுக்குங்கள்' என்று கடிதங்களின் கடைசியில் கையெழுத்துப் போலப் போட்டுக்கொண்டிருந்தார். அதே மனிதர் தன் ஊரான ஃபெர்னேயில் சொந்தச் செலவில் ஒரு தேவாலயம் கட்டினார். வாசலில் லத்தீனில் எழுதினார்: 'கடவுளுக்காக வால்டேர் எழுப்பியது'. மற்ற தேவாலயங்கள் எல்லாம் புனிதர்களுக்கு, இது ஒன்றுதான் நேராகக் கடவுளுக்கு என்று பெருமையும் பேசிக்கொண்டார். கல்வெட்டில் கடவுளின் பெயரைவிட அவருடைய பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், அது வேறு விஷயம்.

அவருக்கு முன்னால் வாழ்ந்த இன்னொரு பிரெஞ்சுக்காரர் இதற்கு நேர் எதிர். ஜான் மெஸ்லியே, எத்ரெபின்யி என்ற சிற்றூரின் பங்குத் தந்தை. 1689 முதல் 1729-இல் இறக்கும் வரை நாற்பது ஆண்டுகள் திருப்பலி நடத்தினார், ஞானஸ்நானம் கொடுத்தார், செத்தவர்களைப் புதைத்தார். இறந்த பிறகு வீட்டில் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்தது. தொலைந்துவிடக் கூடாதே என்று அதை மூன்று பிரதிகள் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். கடவுள் இல்லை, மதங்கள் எல்லாம் ஏமாற்று, அவற்றின் நிழலில்தான் மன்னர்களும் பிரபுக்களும் உங்களைக் கொள்ளையடிக்கிறார்கள், இத்தனை நாள் இதைச் சொல்லாமல் இருந்ததற்கு என்னை மன்னியுங்கள் என்று தன் பங்கு மக்களுக்கு எழுதியிருந்தார். 1762-இல் வால்டேர் அதன் சுருக்கம் ஒன்றை அச்சிட்டார். ஆனால் நாத்திகப் பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு, மெஸ்லியேயும் தன்னைப் போலக் கடவுளை நம்பியவர்தான், தேவாலயத்தை மட்டும் எதிர்த்தவர் என்று தோன்றும்படி செய்துவிட்டார். மத எதிர்ப்பாளர் ஒருவரே ஒரு நாத்திகரைத் தணிக்கை செய்த கதை இது.

தாமஸ் பெய்ன் இன்னும் சுவாரசியம். பிரெஞ்சுப் புரட்சியின்போது பாரிஸில் இருந்த அவர் 'பகுத்தறிவின் காலம்' நூலை எழுதக் காரணமே, மக்கள் நாத்திகத்தை நோக்கித் தலைதெறிக்க ஓடுகிறார்களே என்ற கவலைதான். ஒரு கடவுளை நம்புகிறேன், இந்த வாழ்க்கைக்குப் பிறகும் இன்பம் உண்டென்று நம்புகிறேன் என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். அடுத்து, எல்லாத் தேவாலயங்களும் மனிதகுலத்தைப் பயமுறுத்தி அடிமைப்படுத்த மனிதர்கள் செய்த கண்டுபிடிப்புகள் என்றார். மக்கள் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்க விடுதலைக்கே பேனாவால் உழைத்த அந்த மனிதர் 1809-இல் இறந்தபோது அடக்கத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதே புரட்சியின் தலைவர்களில் ஒருவரான ரோபஸ்பியர் நாத்திகத்தைப் பிரபுக்களுக்கே உரியது என்று சாடினார். 1793 நவம்பரில் நோத்ர-தாம் பேராலயத்தில் பகுத்தறிவுத் திருவிழா நடந்தது. அதை நடத்திய கூட்டத்தாரில் முக்கியமானவர்கள் சிலர் ஐந்து மாதங்களுக்குள் தலைவெட்டும் இயந்திரமான கில்லட்டினுக்குப் போனார்கள். 1794 ஜூன் 8 அன்று ரோபஸ்பியர் 'மேலான பரம்பொருள்' திருவிழா எடுத்தார். துய்லரி தோட்டத்தில் நாத்திகத்துக்கு ஒரு உருவபொம்மை செய்து, அவரே தீப்பந்தத்தால் கொளுத்தினார். பொம்மை எரிந்ததும் உள்ளேயிருந்து ஞானத்தின் சிலை எழ வேண்டும் என்பது ஏற்பாடு. எழுந்தது, ஆனால் புகையில் கருத்துப்போய் எழுந்தது. ஏழு வாரங்களில் அவர் தலையும் போனது. மதத்தை ஒடுக்கிய ஆட்சி என்றால் நாத்திக ஆட்சி என்று எண்ணுபவர்கள் இந்த ஜூன் மாதத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

தமிழில் இதற்கு வெகுதூரம் போகவேண்டாம். நட்ட கல்லைச் சுற்றி வந்து முணுமுணுக்கிறாயே, அது பேசுமோ என்று கேட்ட சிவவாக்கியர், நாதன் உள்ளே இருக்கும்போது என்று அந்த வரியை முடிக்கிறார். சடங்கை அவர் எதிர்த்ததே நம்பிக்கையின் பலத்தில்தான். 1953-இல் பெரியார் பிள்ளையார் பொம்மைகளை உடைத்தபோது, அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அவரை விட்டுப் பிரிந்திருந்த அண்ணாவின் நிலை, பிள்ளையாரையும் உடைக்கமாட்டேன், பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைக்கமாட்டேன் என்பது. நம்பிக்கைக்கும் எதிர்ப்புக்கும் நடுவே ஒருவர் நிற்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அந்த ஒரு வாக்கியத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் நம்பிக்கை இல்லாதவர் எப்போது எதிர்ப்பாளர் ஆகிறார்? தர்க்கம் மட்டும் போதாது என்பதற்கு டார்வின் சாட்சி. அவருக்குத் தெரியாத வாதமா? என் கணிப்பில், மதத்துக்கு அவர் மேல் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் என்ற ஆங்கிலேயர் 1842 மே மாதம் செல்டனம் நகரில் ஒரு கூட்டத்தில் பேசினார். பேசியது கூட்டுறவுக் குடியிருப்புகளைப் பற்றி. முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, மனிதனுக்குச் செய்ய வேண்டிய கடமைகளைச் சொன்னீர்கள், கடவுளுக்குச் செய்ய வேண்டிய கடமை என்ன என்று கேட்டார். ஹோலியோக் சொன்ன பதில்: நாடு ஏற்கெனவே கடன்பட்டுக் கிடக்கிறது, மதத்துக்கான செலவு வேறு, ஏழை மக்களால் ஒரு கடவுளை வைத்துக் கட்டுப்படியாகாது. கீழ்நிலை ராணுவ அதிகாரிகளுக்குச் செய்வதுபோல் கடவுளுக்கும் பாதிச் சம்பளம் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிடலாம். கூட்டத்துக்கு அது வேடிக்கை. சட்டத்துக்கு அது தெய்வ நிந்தை. ஆறு மாதச் சிறை. அவர் உள்ளே இருந்தபோது அவருடைய சின்ன மகள் வெளியே நோயில் இறந்தாள்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் நாத்திகர் ஒருவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்யும் தகுதி அவருக்கு இல்லை, ஆகவே அவர் வார்த்தைக்கு மதிப்பில்லை. திருடன் வீட்டில் புகுந்து எடுத்துக்கொண்டு போனாலும் கண்ணால் கண்டதைச் சொல்ல வழியில்லாமல் நிற்பார். 1869-இல்தான் அது மாறியது. 1880-இல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் வென்ற நாத்திகர் சார்லஸ் பிராட்லாவை, உறுதிமொழிச் சண்டையில் நாடாளுமன்றத்தில் உட்காரவிடவில்லை. ஒரு இரவு மணிக்கூண்டில் அடைத்து வைத்தார்கள். திரும்பத் திரும்பத் தேர்தலில் நின்று வென்று, 1886-இல்தான் இருக்கைக்குப் போனார். இப்படிப்பட்ட இடத்தில் 'நீ நம்பாவிட்டால் போகட்டும், ஏன் எதிர்க்கிறாய்?' என்று கேட்பது அபத்தம். நம்பிக்கை இல்லை என்று வாய்திறந்து சொல்வதே எதிர்ப்பாகத்தான் பதிவாகும். டார்வினுக்குச் சொத்து இருந்தது, பெயர் இருந்தது, யாரும் அவரைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிடப்போவதில்லை. அவருடைய நிதானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நிதானத்துக்கும் ஒரு விலை இருந்தது, அதை அவரால் கொடுக்க முடிந்தது.

ஒரே விதமாக அடிபட்ட ஹோலியோக்கும் பிராட்லாவும் பிறகு ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டதுதான் எனக்கு இதில் பிடித்த பகுதி. 'மதச்சார்பின்மை' என்று நாம் இன்று சொல்வதற்கான ஆங்கிலச் சொல்லை 1851-இல் உருவாக்கியவரே ஹோலியோக். இந்த உலகத்து நன்மையை இந்த உலகத்து வழிகளால் தேடுவோம், கடவுளை நம்புபவரும் இதில் சேரலாம் என்பது அவருடைய எண்ணம். பிராட்லா ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வழியில் நேர்மையாக நடப்பவர் கடைசியில் நாத்திகத்துக்குத்தான் வந்து சேர்வார், அதை மறைப்பானேன் என்றார். 1870-இல் இருவரும் மேடை போட்டு இதையே விவாதித்தார்கள். அந்த விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

எதிர்ப்பு என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே, அதற்குள்ளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேலைகள் இருக்கின்றன. ஒரு நம்பிக்கை தவறு என்று வாதிடுவது ஒன்று. அரசிலும் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் மதத்துக்கு இருக்கும் சலுகையை எடுக்கச் சொல்வது இன்னொன்று. இதைச் செய்ய நாத்திகராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. சிறுபான்மை மதத்தினர் பல நாடுகளில் இதற்காகத்தான் போராடியிருக்கிறார்கள். மதமே மனிதகுலத்துக்குக் கேடு, அது இல்லாத உலகம்தான் நல்லது என்பது மூன்றாவது. ஆங்கில எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் 2001-இல் தன்னை நாத்திகர் என்பதைவிடக் கடவுள் எதிர்ப்பாளர் என்றே சொல்லிக்கொள்வேன் என்று எழுதியது இந்தப் பொருளில்தான். கடவுள் கதை உண்மையாக இருந்துவிடக் கூடாதே என்றுகூட அவர் நினைத்தார். இப்படி விரும்புவது, இல்லை என்று நினைப்பதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். இல்லையே என்று ஏங்குகிற நாத்திகர்களும் உண்டு.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, நம்புபவர்கள் மேலேயே கைவைப்பது. சோவியத் யூனியனில் 1925-இல் தொடங்கிய கடவுளற்றோர் கழகம், 1929-இல் தன் பெயரோடு 'போர்க்குணமிக்க' என்பதையும் சேர்த்துக்கொண்டது. 1931 டிசம்பர் 5 அன்று மாஸ்கோவில் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் சோவியத் மாளிகை வரும் என்றார்கள். அது கடைசிவரை வரவில்லை. வந்தது ஒரு திறந்தவெளி நீச்சல் குளம். இப்போது அங்கே மறுபடி கட்டிய பேராலயம் நிற்கிறது. குருமார்களை ஆயிரக்கணக்கில் சிறைக்கும் கொலைக்களத்துக்கும் அனுப்பினார்கள்.

1937 ஜனவரியில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதத்தைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. இருபது ஆண்டுப் பிரசாரத்தின் வெற்றியை எண்ணிக் காட்டிவிடலாம் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஸ்டாலின் ஆட்சியின் பயங்கரம் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம். வாசலில் வந்து நின்ற அரசாங்க ஆளிடம் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கும் மேல், சுமார் 5.5 கோடிப் பேர், நம்பிக்கை உள்ளவர் என்று பதிவு செய்தார்கள். கணக்கெடுப்பு முடிவுகளை அப்படியே புதைத்துவிட்டார்கள். மக்கள்தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது இன்னொரு காரணம். கணக்கெடுத்த புள்ளியியலாளர்கள் கைதானார்கள், சிலரைச் சுட்டுக் கொன்றார்கள். 1939-இல் மறுபடி கணக்கெடுத்தபோது மதக் கேள்வியே இல்லை.

இத்தனைக்கும் இதைப் பற்றி மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் 1874-லேயே எச்சரித்திருந்தார். கடவுளை ஆணை போட்டு ஒழிக்கப் புறப்பட்ட சில பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களைக் கிண்டல் செய்து, இன்றைக்குக் கடவுளுக்குச் செய்யக்கூடிய ஒரே சேவை நாத்திகத்தைக் கட்டாயக் கொள்கை ஆக்குவதுதான் என்று எழுதினார். மார்க்ஸின் 'மதம் மக்களின் அபின்' என்ற வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு முந்தைய வரியில் மதத்தை ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு, இதயமற்ற உலகின் இதயம் என்று அவர் சொன்னதை வசதியாக விட்டுவிடுவார்கள். வலி இருக்கும்வரை மருந்தைப் பிடுங்குவதில் பயனில்லை என்பதுதான் அந்தப் பத்தி முழுவதும் அவர் சொல்ல வந்தது.

எண்ணிக்கையிலும் இந்தக் குழப்பம் புகுந்துவிடும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2010 நிலவரத்தைக் கணக்கிட்டபோது உலகில் எந்த மதத்தையும் சேராதவர்கள் சுமார் 110 கோடி, ஏறக்குறைய 16 சதவீதம். உடனே நூறு கோடி நாத்திகர்கள் என்று சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் பயந்தார்கள். அதில் கணிசமானவர்களுக்குக் கடவுள் மேலோ ஏதோ ஒரு மேலான சக்தி மேலோ நம்பிக்கை உண்டு. நம்பிக்கை இல்லாதவர்களிலும் பெரும்பாலோர் மதத்தை எதிர்த்துத் துரும்பைக்கூடக் கிள்ளிப்போடாதவர்கள். அவர்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தோன்றியதில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1993-இல் ஒரு தீர்ப்பில், மதச் சுதந்திரம் நாத்திகர்களுக்கும், அறியொணாவாதிகளுக்கும், சந்தேகிகளுக்கும், கூடவே இதைப் பற்றி அக்கறையே இல்லாதவர்களுக்கும் உரிய சொத்து என்றது. அந்தக் கடைசி வகையினரையும் ஒரு நீதிமன்றம் ஞாபகம் வைத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

1891-இல் பிராட்லா இறந்தபோது லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி அடக்கத்துக்குப் போனார். இந்தியர்களுக்காகக் குரல்கொடுத்தவர் என்பதால் அங்கிருந்த இந்தியர்கள் பலரும் போனார்கள். பாதிரிமார் சிலரும் மரியாதை செலுத்த வந்திருந்தார்கள். திரும்பும்போது ரயில் நிலையத்தில் ஒரு நாத்திகர் அந்தப் பாதிரிமாரில் ஒருவரைப் பிடித்துக்கொண்டார். கடவுள் இருக்கிறார் என்கிறீர்களா? பூமியின் சுற்றளவு இத்தனை மைல் என்று ஒத்துக்கொள்கிறீர்களா? அப்படியானால் உங்கள் கடவுளின் அளவு என்ன, எங்கே இருக்கிறார்? பாதிரியார் தணிந்த குரலில், நம் இருவர் நெஞ்சிலும் இருக்கிறார் என்றார். என்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்தீரா என்று மற்றவர் வெற்றிப் பார்வையோடு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பாதிரியார் பேசாமல் நின்றார். நாத்திகத்தின் மேல் தனக்கிருந்த வெறுப்பு அன்று இன்னும் கூடியது என்று காந்தி தன் சுயசரிதையில் எழுதுகிறார்.

அரைநூற்றாண்டு கழித்து அதே காந்தியிடம் இன்னொரு நாத்திகர் வந்தார். கோரா என்ற கோபராஜு ராமச்சந்திர ராவ், ஆந்திராவில் நாத்திக மையம் நடத்தியவர், தீண்டாமையை ஒழிக்கக் கிராமங்களில் வேலை செய்தவர். நாத்திகத்தை மூடிமறைக்கிற ஆளே அல்ல. கடவுள் நம்பிக்கை மனிதனைச் சோம்பேறி ஆக்குகிறது என்று காந்தியின் முகத்துக்கு நேரே சொன்னவர். இருவரும் காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமத்தில் மணிக்கணக்காகப் பேசினார்கள். யாரும் யாரையும் மாற்றவில்லை. கோரா தன் மகளைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்து இளைஞருக்கு மணம் செய்து கொடுக்க முடிவெடுத்தபோது, அதைத் தன் ஆசிரமத்தில் தானே நடத்திவைப்பதாகக் காந்தி ஒப்புக்கொண்டார். சடங்கில் கடவுளின் பெயரால் என்று வருமிடத்தில் சத்தியத்தின் பெயரால் என்று மாற்றிக்கொள்வதாகவும் சொன்னார். 1948 மார்ச்சில் சேவாகிராமத்தில் அந்தத் திருமணம் நடந்தது. நடத்திவைக்கக் காந்தி இல்லை. ஆறு வாரங்களுக்கு முன்பே அவரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.